சுவரில் ஒட்டிய சொந்தங்கள்

மரண அறிவித்தலை எல்லாரும் வாசிப்பார்கள், ஆனால் யாரும் முழுதாக வாசிப்பதில்லை. செத்தது யார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மயானம், அவ்வளவுதான். சொந்தக்காரர் என்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு, தன் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. போட்டிருந்தால் கண்ணீர் வரும். போடாவிட்டால் கோபம் வரும், அந்தக் கோபம் கருமாதி தாண்டியும் நிற்கும். மற்றபடி, "அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அருமை மாமனாரும்" என்று நீண்டுகொண்டே போகும் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கடைசிவரை வாசித்தவன், எனக்குத் தெரிந்து, கண்டி மாவட்டத்தில் நான் ஒருவன்தான். அப்படி வாசித்ததில்தான் என் அக்காவின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தினேன். (வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பட்டப்படிப்பு முடிந்து, வேலை கிடைக்காத காலத்துக்குப் பட்டதாரிகள் வைத்துக்கொள்ளும் கௌரவமான பெயராகிய 'ஆய்வு' என்பதைச் செய்துகொண்டிருந்தேன். அந்த நாளில் கண்டியில் மூன்று நாள் பயிலரங்கு ஒன்று நடந்தது. 'ஆவணங்களோடு படைப்பாக்க முறையில் பணியாற்றுதல்' என்று தலைப்பு. மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் போனேன், அதை மறைப்பானேன்.

நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார். மெதுவாகப் பேசுவார், பேசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஆவணம் என்றால் அரசாங்கக் கச்சேரி அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பது மட்டுமல்ல, நகரம் தூக்கிப் போடும் கடதாசியும் ஆவணந்தான் என்றார். அதைச் சேர்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தானாகப் பேசும் என்றார். இரண்டாம் நாள் ஒரு பெரிய வார்த்தை சொன்னார்: "ஆவணத்தில் இடைவெளி இருந்தால் பயப்படாதீர்கள். அந்த இடைவெளியில்தான் படைப்பாளி குடியேறுகிறான்." பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருப்பவனுக்கு அந்த வார்த்தை எப்படிப் பிடிக்காமல் போகும்? கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மூன்று மாதத்துக்குள் ஆளுக்கொரு ஆவணத் தொகுப்பு செய்துவர வேண்டும், நல்லதைக் கொழும்பில் காட்சிக்கு வைப்போம் என்றார்கள். ஒருவர் பஸ் டிக்கட் சேர்த்தார். ஒருத்தி சவர்க்கார உறைகள் சேர்த்தாள். நான் மரண அறிவித்தல் சேர்த்தேன்.

காரணம் இருந்தது. எங்கள் மலையகக் குடும்பங்களில் வம்சாவளி என்று எழுதி வைத்தது ஒன்றும் கிடையாது. பாதிப் பேர் கப்பலேறி இந்தியா போனார்கள், மிச்சப் பேர் தோட்டம் தோட்டமாகச் சிதறினார்கள். தாத்தாவின் கூடப்பிறந்தவர்கள் யார் என்று கேட்டால் அப்பாவே தலையைச் சொறிவார். ஆனால் ஒரு மனிதன் செத்த அன்றைக்கு மட்டும் அவனுடைய மொத்தச் சொந்தமும், அடைப்புக்குறிக்குள் ஊர்ப் பெயரோடு, ஒரே தாளில் அச்சாகி லைட் போஸ்ட்டில் நிற்கிறது. இப்படி நூறு தாளைச் சேர்த்து, பெயருக்குப் பெயர் நூல் கட்டினால் மலைநாட்டின் குடும்ப மரமே வந்துவிடும். இது மோசமான யோசனை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. யோசித்த ஆள்தான் மோசம்.

ஒரு மெல்லிய கத்தியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு கடுகண்ணாவையிலிருந்து நாவலப்பிட்டிவரை அலைந்தேன். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஓரத்தில் கத்தியை விட்டு உரிப்பேன். பிணம் எடுத்து முடிந்த பிறகுதான் கை வைப்பேன், அந்த அளவுக்கு ஒழுக்கம் இருந்தது. கடுகண்ணாவையில் ஒரு ஆட்டோக்காரர் வந்து, "ஏன் தம்பி இத உரிக்கிறீங்க?" என்று கேட்டார். "ஆய்வு" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அப்ப இது சாதாரண சாவு இல்லையா?" என்றார்.

வீட்டில்தான் சிக்கல். எழவுக் கடதாசியை வாசித்ததும் கிழித்துப் போட வேண்டும், வாசல் தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மாவின் என்ன, எங்கள் சாதிசனம் எல்லாருடைய சட்டமும் அதுதான். நான் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தேன்.

"என்னாடா இது, ஊரு எழவெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள?" என்று அம்மா வாசலிலேயே மறித்தார்.

"இது எழவு இல்லம்மா, ஆவணம்."

"ஆவணமோ கோவணமோ, வெளிய வை."

வெளியே வைத்தால் மழை. கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறையும் ஒரு முன்னறையும்தான். நீளமான சுவர் என்று இருப்பது முன்னறையில் மட்டும். அம்மா தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் அந்தச் சுவர் முழுக்க அறிவித்தல்களைக் குத்தி, சிவப்பு நூல் இழுக்கவும் தொடங்கிவிட்டேன். நூற்றுக்கு மேல். அம்மா திரும்பிவந்து பார்த்துவிட்டு, சாமிப் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டுபோய்க் குசினி அடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டார்.

இனி அக்காவின் விஷயம். அக்கா சாந்தி ஆசிரியை. நாவலப்பிட்டியில் கணக்குப் படிப்பிக்கும் வாத்தியார் மோகன் சேரை அவளுக்குப் பயிற்சிக் கல்லூரிக் காலத்திலிருந்தே பிடிக்கும், அவருக்கும் இவளை. நான்கு வருடம். இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள். தெரியாத ஒரே ஆள் மோகனின் பெரிய அத்தை, அதாவது அவருடைய அப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்க மாட்டார்கள். காதல் என்று சொன்னால் அந்த அம்மா நாவலப்பிட்டி மழையைவிட மோசமாகப் பிடித்துக்கொள்வார் என்பதால், தரகர் மூலம் வந்த சம்பந்தம் மாதிரி நடிப்பதென்று ஏற்பாடு. மோகனின் தாத்தா இறந்து ஒரு வருடம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது.

அக்கா என்னிடம், "அதெல்லாத்தையும் கழட்டுடா" என்றாள்.

கழற்றினால் மறுபடி கட்ட ஒரு மாதம் ஆகும், கொழும்புக்குக் கொடுக்க மூன்று வாரந்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். கடைசியில், பெட்ஷீட்டால் மூடிவிடலாம் என்று சமரசம் ஆனது. மயில் போட்ட நீலப் பெட்ஷீட். அக்கா அதை நாலு மூலையும் இழுத்துச் சரிபார்த்துவிட்டு, "ரவி, அவுங்க வந்துட்டுப் போறவரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இரு. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்" என்றாள். நான் சத்தியம் பண்ணினேன்.

சனிக்கிழமை காலையில் விதி வந்தது. நாவலப்பிட்டியில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு உள்பக்கச் சுவரிலிருந்து உரித்து வந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பழைய தாள், மேலே டியூஷன் போஸ்டர் ஒட்டியிருந்ததால் பாதி அதோடு போயிருந்தது. செத்தவர் பெயர் முத்துசாமி என்று தெரிந்தது. நடுவில் 'ஆறுமுகம்' என்றும் 'லெட்சுமி' என்றும் இரண்டு பெயர் தப்பியிருந்தன. அது மோகனின் அப்பா அம்மா பெயர். ஆனால் அவர்களில் யார் முத்துசாமியின் பிள்ளை, யார் மருமகனாகவோ மருமகளாகவோ வந்தவர் என்று சொல்லும் பகுதி கிழிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் சேதமில்லாமல் இருந்தது: "கறுப்பையா, ராமையா (மஹய்யாவ) ஆகியோரின் பாசமிகு சகோதரரும்."

ராமையா என் தாத்தா. அவருக்குக் கறுப்பையா என்று ஓர் அண்ணன் இருந்தது மட்டும் வீட்டில் தெரியும்.

அம்மையார் சொன்ன இடைவெளி கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் குடியேறினேன். முத்துசாமி லெட்சுமி அம்மாவின் அப்பா என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால் லெட்சுமி அம்மா என் அப்பாவுக்குத் தங்கச்சி முறை, மோகன் அக்காவுக்கு அத்தை மகன். முறை மாப்பிள்ளை. இதைவிட அழகாக ஒரு நூல் ஓடுமா? ஓடியது. எங்கள் தாத்தாவிலிருந்து மோகன்வரை இரட்டை நூலாக இழுத்து, முடிச்சுப் போட்டு, பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட செய்தியைச் சபையில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார்கள். மோகன், அவர் அப்பா ஆறுமுகம், அம்மா லெட்சுமி, பெரிய அத்தை. முன்னறைக் கதிரைகளில் நல்லதைப் பெரிய அத்தைக்குக் கொடுத்தோம், அது மயிலுக்கு நேர் எதிரே இருந்தது. வடை வந்தது. மோகன் அக்காவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். கணக்கு வாத்தியார் என்பதால் நடிப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

பெரிய அத்தை அப்பாவிடம், "ஒங்க பூர்வீகம் எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

"எங்கப்பா நாவலப்பிட்டிப் பக்கந்தாங்க. சின்ன வயசுலயே டவுனுக்கு வந்துட்டாரு. தோட்டம் பேரு சரியா..." என்று அப்பா இழுத்தார்.

"பூர்வீகமே தெரியாட்டி எப்படி?" என்றார் அத்தை. முகம் சுருங்கியது.

அக்கா பிளேன்டித் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எனக்கு, எழும்பு தம்பி, இதுதான் நேரம் என்பதுபோலப் பட்டது. எழும்பினேன். "பூர்வீகம் இங்க இருக்கு" என்று சொல்லி, பெட்ஷீட்டை உருவினேன்.

நூற்றுச் சொச்சம் செத்தவர்கள் கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து பெண் பார்க்க வந்தவர்களைப் பார்த்தார்கள். லெட்சுமி அம்மாவின் கை தாலிக்குப் போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மோகனின் அப்பா கையிலிருந்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். இத்தோடு நான் நிறுத்தியிருந்தால்கூட, பையனுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, பொண்ணு தங்கம் என்று விஷயம் முடிந்திருக்கும். நான் ஒரு பென்சிலை எடுத்து விளக்க ஆரம்பித்தேன். இடைவெளி என்றேன். படைப்பாளி என்றேன். நூலைத் தொட்டுத் தொட்டுக் கறுப்பையா, ராமையா, முத்துசாமி என்று இறங்கிவந்து, "ஆக, மோகன் சேர் அக்காவுக்கு அத்தை மகன். நாம ஏற்கெனவே சொந்தம். நான் சொல்லல, ஆவணம் சொல்லுது. ஆவணம் பொய் சொல்லாது" என்று முடித்தேன்.

ஒரு மூன்று வினாடி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பாகூடச் சிரித்தார். பெரிய அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி வந்து, அந்தக் கிழிந்த தாளைக் கிட்டத்தில் பார்த்தார்.

"முத்துசாமி லெச்சுமியோட அப்பா இல்ல" என்றார். "எங்கப்பா."

எனக்கு விளங்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தது. மற்றவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மா வழி என்றால் முறை. அப்பா வழி என்றால் பங்காளி. மோகனின் அப்பாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்றால், மோகனுக்கும் அக்காவுக்கும் என்ன முறை என்று சொல்லவே வேண்டாம். பெரிய அத்தை சொன்னார்.

"டேய் மோகன், இது ஒனக்குத் தங்கச்சிடா."

மோகன் பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா, அது வேறு ராமையாவாக இருக்கும் என்று தடுமாறினார். "ஒங்கப்பாவுக்குக் கறுப்பையான்னு அண்ணன் உண்டா?" என்று அத்தை கேட்டார். அப்பாவுக்குப் பொய் வராது. உண்டு என்றார். "எங்கப்பா கூடப்பொறந்தவங்க மூலைக்கொருத்தரா போனவங்க. எங்களுக்கே எல்லாரு பேரும் தெரியாது. அப்பாதான் சாகுமுன்ன யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கணும்" என்றார் அத்தை. அந்த வரியை நோட்டீஸில் போடச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறுமுகம் ஐயா தன் அத்தான், அதாவது பெரிய அத்தையின் புருஷன், சொன்னதாக நினைத்திருந்தார். அந்த அத்தானோ, ஆறுமுகம் சொன்னதாக நினைத்திருந்தாராம். நாம் மோசம் போகவில்லை, தெய்வம் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டு அவர்கள் எழும்பிப் போனார்கள். போகும்போது அத்தை என் தலையில் கை வைத்து, "நல்ல நேரத்துல சொன்னப்பா" என்றார்.

அவர் ஒருவர்தான் அன்றைக்கு என்னைப் பாராட்டினார்.

அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு, பெரிய அத்தை இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஒருமாதிரி ஆறியிருப்பேன். "நாலு வருசம்டா" என்றாள். அவ்வளவுதான். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதற்கு முந்தி இருந்ததெல்லாம் கூச்சம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாவலப்பிட்டிக்குப் போனேன். மோகன் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் நேரே அந்த நோட்டீஸ் அடித்த அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் துளியும் பதறவில்லை.

"கல்யாணக் கார்டுன்னா மூணு தரம் திருத்துவாங்க தம்பி. எழவு நோட்டீஸ யாரு திருத்துறா? காலையில சொல்லுவாங்க, பத்து மணிக்குப் போஸ்ட்ல நிக்கணும்."

"அதுல இல்லாத ஆளு பேரு எப்படி வரும்?"

"வரும்" என்றார். "ஒவ்வொண்ணுக்கும் புதுசா அடிச்சா நேரம் போதுமா? முந்தின ஆளோட நோட்டீஸ தெறந்து, அதுக்கு மேலயே பேர மாத்துறது. ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். அதுக்காகச் செத்தவரு எழும்பி வந்து கேக்கவா போறாரு?"

கையைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்து காட்டினார். முத்துசாமிக்கு முந்தின நாள் அடித்த அறிவித்தல் யாரோ ஒரு வேலாயுதத்துக்கு உரியது. அதிலும் அதே வரி இருந்தது, ஒரு எழுத்து மாறாமல்: கறுப்பையா, ராமையா (மஹய்யாவ) ஆகியோரின் பாசமிகு சகோதரரும். நான் அந்தக் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மோகன் அதை அச்செடுத்துத் தரச் சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது அச்சகக்காரர், "கார்டு நம்மகிட்டயே அடிங்க, அதுல பிழை வராது" என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். பெரிய அத்தை முடிய விடவில்லை. அச்சகக்காரன் தன் பிழைப்புக்காக ஆயிரம் சொல்லுவான் என்றார். வேலாயுதம் நோட்டீஸில் இருப்பதுதான் பிழை, எங்களுடையதில் இருப்பதுதான் சரி என்றும் இருக்கலாமே என்றார். (இந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் எனக்குத் தோன்றியிருந்தால் முதல் வகுப்பே கிடைத்திருக்கும்.) "அந்தப் பொடியன்தானே சொன்னான், பேப்பரு பொய் சொல்லாதுன்னு. அவனே வந்து இல்லேன்னு சொல்லட்டும். சும்மா சொல்லப்படாது, காட்டட்டும்" என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே ஒழுங்காகச் செய்த ஒரே ஆய்வு. சுவரிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு, அந்தந்தச் செத்த வீடுகளுக்கே போனேன். முதலில் எங்கள் வீட்டுக்கு மேல் வரிசை வீடுகளில் இருந்த இன்னொரு ராமையாவிடம். மஹய்யாவையில் ராமையாக்களுக்குப் பஞ்சமில்லை என்பதை நான் நூல் இழுத்த வேகத்தில் மறந்துவிட்டிருந்தேன். மனுஷன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் யார் என்று கேட்டேன். "ஏந்தம்பி" என்றார். கறுப்பையா? "ஏண்ணன்." முத்துசாமி? "எந்த முத்துசாமி?" என்று கேட்டுவிட்டு, உட்காரச் சொல்லித் தம்பியைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார். நான் குறிப்பு ஒன்றும் எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மற்ற வீடுகளில் கேட்கக் கேட்கத் தாள்கள் ஒவ்வொன்றாகப் பொய்யாகின. ஒரு தாளில் அன்பு மருமகன் என்று இருந்தவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனவர், மகளை விட்டுப் பிரிந்து எத்தனையோ வருடம், மரியாதைக்காகப் போட்டிருந்தார்கள். ஒரு தாளில் சகோதரர் என்று இருந்தவர் பக்கத்து லயத்து வீட்டுக்காரர், சாவு வீட்டில் பந்தல் போட்டவர். பட்டியல் குட்டையாக இருந்தால் செத்தவர் அநாதை மாதிரித் தெரியும் என்று சித்தப்பன் பெரியப்பன் என்று நாலைந்து பேரைச் சும்மா சேர்த்திருந்தார்கள் ஒரு வீட்டில். கடுகண்ணாவையில் ஒரு அம்மா என்னைக் குசினிப் பக்கமாகக் கூப்பிட்டு, தன் மூத்த மகள் பெயர் அந்தத் தாளில் இல்லை என்றார். வேறு சாதியில் கட்டிக்கொண்டாளாம், மகன்மார் போடவிடவில்லையாம். "செத்த அன்னைக்கு மொதல்ல ஓடியாந்தது அவதான் தம்பி. அத எங்கயாச்சும் எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். அதை எங்கே குத்துவது, எந்த நூலில் கட்டுவது என்று தெரியவில்லை.

பிறகு அப்பாவும் நானும் நாவலப்பிட்டிக்குப் போனோம். மோகன் வீட்டு முன்னறையில் எல்லாரும் இருந்தார்கள். தாள்களைப் பாய்மேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் எது பிழை, யார் சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன். முடிந்ததும் பெரிய அத்தை கேட்டார்.

"அப்ப நீ சேத்து வச்சிருக்கிற அம்புட்டும் குப்பைங்கிறியா?"

மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் உரித்தது. அடுத்த வாரம் கொழும்புக்குப் போக வேண்டியது. ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது உண்மை. மோகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, குப்பைதான்" என்றேன். "இதுல பேரு இருக்குறதால ஒருத்தர் சொந்தமாகிட மாட்டாரு. பேரு இல்லாததால சொந்தம் இல்லேன்னும் ஆகிடாது."

அத்தை தாள்களை ஒன்றாகச் சேர்த்து என் பக்கம் தள்ளினார். பிறகு லெட்சுமி அம்மாவைப் பார்த்து, "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கலையா?" என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொழும்பு அம்மையாருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, என் தொகுப்பு வராது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அற்புதம். பொய் சொல்லும் ஆவணம். இதைத்தான் நீங்கள் காட்சிக்கு வைக்க வேண்டும்" என்றார். அக்காவிடம் கேட்டேன். வைத்தால் அடுத்த மரண அறிவித்தல் உன்னுடையதுதான், அதைப் பிழையில்லாமல் அடிப்பேன் என்றாள். தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு போய் அம்மா சொன்ன இடத்தில், வாசலுக்கு வெளியே வைத்துக் கொளுத்தினேன். கடுகண்ணாவை அம்மாவுடைய தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். சவர்க்கார உறைக்காரி கொழும்புக்குப் போனாள்.

கல்யாணக் கார்டு நாவலப்பிட்டி அச்சகத்திலேயே அடித்தார்கள். கட்டு வந்த அன்று எல்லாரையும் போல நானும் முதலில் என் பெயரைத் தேடினேன். 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்' என்பதற்குக் கீழே மாமன்மார் இருந்தார்கள், சித்தப்பன்மார் இருந்தார்கள், பெரிய அத்தை இருந்தார், மேல் வரிசை ராமையாகூட இருந்தார். மணமகளின் ஒரே தம்பி இல்லை. அச்சகக்காரரைப் பிடித்துக் கிழிக்கலாம் என்று புறப்பட்டேன். அக்கா தடுத்தாள்.

"அவரு மேல பிழையில்ல. நான்தான் எடுத்தேன்" என்றாள். "பேரு இல்லாட்டி சொந்தம் இல்லேன்னு ஆகிடாதுன்னு சொன்னியாமே. மோகன் சொன்னாரு. நெசமாத்தான் சொன்னியான்னு பாப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கார்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். மணவறையில் பொரி போடப் பெண்ணின் தம்பி வரவும் என்று ஐயர் கூப்பிட்டபோது நான்தான் போனேன். கார்டைப் பார்த்திருந்த சில பேர், இது யார் பையன் என்று விசாரித்தார்களாம்.

அக்காவும் அத்தானும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அதுதான் எனக்கு வினையாகிப் போனது. ரவி பெயர் இல்லாத கார்டு ராசியான கார்டு என்று இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மாமா மகளின் கல்யாணம், சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழா, அக்கா மகளின் காதுகுத்து, எதுவானாலும் கார்டு அச்சுக்குப் போகும் முன் ஒருதரம் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எங்காவது தவறுதலாக என் பெயர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசிவரை கவனமாக வாசிப்பதற்கு நான் ஒருவன்தானே இருக்கிறேன்.

என் சொந்தக் கல்யாணத்துக்குத்தான் வேறு வழியில்லாமல் போட்டார்கள். அதற்கும் பெரிய அத்தை, கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம், "கட்டாயம் போட்டுத்தான் ஆகணுமா?" என்று கேட்டாராம்.